அசல் இல்லாத வீடு

செடி ஆய்வு நிலையத்தில் குரோமோசோம் எண்ணும் வேலை பார்த்தவளின் தம்பி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு இரண்டு பேரானான். அவன் லிஃப்ட் மெக்கானிக். இடது கணுக்கால் சுளுக்கி லீவில் இருந்தவன், நான்காவது மாடி வீட்டில் காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். சத்தம் எதுவும் கேட்கவில்லை, காது மட்டும் ஒருமுறை அடைத்துத் திறந்தது, லிஃப்ட் வேகமாக இறங்கினால் அப்படி ஆகும் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று பின்னால் இருவருமே சொன்னார்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டியபோது எதிரே ஒருவன் அதே பக்கத்தைப் புரட்டினான். கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எழுந்து போய்ப் பேச இருவருக்கும் கால் இடம் கொடுக்காததால், உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையாட்டிவிட்டு மிச்சச் செய்தியைப் படித்து முடித்தார்கள். சாயங்காலம் அக்கா கதவைத் திறந்தபோது ஒருவன் ஜன்னலோரமும் மற்றவன் கதவோரமும் இருந்தார்கள். ஜன்னல்காரன், கதவுக்காரன் என்ற பெயர்கள் அன்றே ஒட்டிக்கொண்டன. அவள் தோள் பையைக் கழற்றாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் சாப்டீங்களாடா?" என்று கேட்டாள்.

இரட்டித்தது தம்பி மட்டுமல்ல. மூன்று அறைகள் ஆறாகியிருந்தன. இரண்டு சமையலறை, இரண்டு குளியலறை, ஒரே இடத்தில் ரசம் போன இரண்டு கண்ணாடி, கைப்பிடி உடைந்த இரண்டு கெட்டில். கட்டடக் காவலாளி டேப்பை எடுத்துவந்து வெளிச்சுவரை அளந்தார். பழைய அளவில் ஒரு விரற்கடைகூடக் கூடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களின் அறைகளும் குறையவில்லை. கீழ்வீட்டில் மட்டும் நடமாட்டச் சத்தம் இரண்டு மடங்காகிவிட்டதாகப் புகார் வந்தது, அதிலும் இரண்டு பேரும் ஒரே காலை நொண்டுவதால் தாளம் போடுவது மாதிரி இருக்கிறது என்று. அந்த வீட்டில் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகும் ஒன்றாகவே இருந்த பொருள் ஒன்றே ஒன்று. ஜன்னல் விளிம்பில் இருந்த பூந்தொட்டி.

அந்தத் தொட்டியில் இருந்தது ஒரு கலப்புச் செடி. மலையில் வளரும் மஞ்சள் பூச்செடியையும் சதுப்பில் வளரும் ஊதாப் பூச்செடியையும் சேர்த்து நிலையத்தில் உண்டாக்கியது. பூ செம்புப் பாத்திர நிறத்தில் அழகாகத்தான் பூக்கும். விதை மட்டும் வைக்காது. காரணம் எளிது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும், சாயம் ஏற்றிப் பார்த்தால் சின்னக் கம்பித் துண்டுகள் போலத் தெரிபவை குரோமோசோம்கள். விதை உண்டாக வேண்டுமானால் அவை முதலில் ஜோடி ஜோடியாகச் சேர வேண்டும். மலைச்செடியிடமிருந்து இதற்கு ஒன்பது வந்தன, சதுப்புச்செடியிடமிருந்து எட்டு. பதினேழும் ஒன்றுக்கொன்று முகம் தெரியாதவை. ஜோடி என்று சேர ஆளில்லாமல் கல்யாண மண்டபத்தில் தனித்தனியே வந்து உட்கார்ந்த விருந்தாளிகள் மாதிரி அப்படியே கலைந்துவிடும். பதினோரு வருடம் முயன்ற பின் அந்த வகையைக் குப்பைக்குழியில் போடச் சொல்லி உத்தரவு வந்தது. கடைசிச் செடியை மட்டும் அவள் வீட்டுக்கு எடுத்துவந்து, தாழ்ப்பாள் சரியாக விழாத ஜன்னலருகே வைத்தாள். திங்கட்கிழமை உறைபனி விழுந்தது. குளிர் தாக்கினால் செல் சில சமயம் இப்படிச் செய்யும்: பிரிவதற்காக உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் இரண்டாக்கிக்கொள்ளும், பிறகு பிரியாமலே நின்றுவிடும். மொட்டோடு இருந்த அந்தச் செடி அப்படித்தான் செய்தது. வீடும் அதைப் பார்த்து அப்படியே செய்தது.

இது அவளுக்குப் புதன்கிழமை காலையே தெரிந்துவிட்டது. வேர்நுனி ஒன்றைக் கிள்ளி நிலையத்துக்கு எடுத்துப்போய், சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடித் துண்டில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடி மூடி, மையொற்றுத்தாள் போட்டுக் கட்டைவிரலால் அழுத்தினாள். அந்த வேலையின் சூட்சுமம் முழுக்க அந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது. குறைந்தால் எல்லாம் குவியலாகக் கிடக்கும், கூடினால் சிதறிவிடும், விரல் கொஞ்சம் நகர்ந்தால் பக்கத்துச் செல் வந்து இதன் மேல் ஏறிக்கொள்ளும். நுண்ணோக்கியில் எண்ணினாள். முப்பத்து நான்கு. ஒன்பது ஒன்பதாகவும் எட்டு எட்டாகவும், எல்லாவற்றுக்கும் இப்போது ஜோடி இருந்தது. வேறு ஐந்து வேர்நுனிகளை எண்ணினாள். அதே முப்பத்து நான்கு.

நிலையத் தலைவரிடம் இதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே கலப்புச் செடியில் முப்பத்து நான்கு எண்ணிவிட்டதாக அவள் அறிவித்து, நிலையம் அதை அச்சில் வெளியிட்டு, பிறகு அது ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு செல் என்று தெரிந்து, மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து நிலையத்தில் அவளுக்குக் கட்டைவிரல் அக்கா என்றுதான் பெயர். அவளைவிட இருபது வயது மூத்த தோட்டக்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார். தலைவர் அவள் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டார். தம்பி இரண்டு பேரானதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. இருவரும் அதற்குள் ஒருநாள் வந்து நிலையத்து லிஃப்டை நொண்டிக்கொண்டே பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"தம்பி ரெண்டாயிட்டாரு, சரி, சந்தோஷம். ஆனா முப்பத்து நாலுன்னு மட்டும் மறுபடியும் சொல்லாதீங்க," என்றார் தலைவர்.

இந்த எண்ணிக்கை வெறும் கௌரவப் பிரச்சினையாக நின்றிருந்தால் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அடுத்த நாள், ஊர் ஆட்களைக் கணக்கு வைக்கும் பதிவகத்திலிருந்து பதிவாளர் நேரில் வந்தார். மரியாதையானவர், ஆறு அறைகளையும் சுற்றிப் பார்த்து, இரண்டு கெட்டிலையும் தூக்கி எடை பார்த்து, கடைசியில் தம்பிமார் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் பிறந்த தேதி கேட்டார். ஒரே நேரத்தில் ஒரே தேதி வந்தது. வீடுகளில் ஆள் கூடுவதில் பதிவகத்துக்கு ஆட்சேபணை இல்லை என்றும், நகலா இரட்டிப்பா என்பதுதான் கேள்வி என்றும் விளக்கினார். நகல் என்றால் அசல் ஒன்று இருக்கும். அசலை அடையாளம் காட்டிவிட்டு மற்றதை முப்பது நாளுக்குள் ரத்து செய்ய வேண்டும். இரட்டிப்பு என்றால் இரண்டும் செல்லும். எது என்று தெரிந்த ஓர் அலுவலகம் சான்று தர வேண்டும், வீடு செடியைப் பார்த்துத்தான் அப்படிச் செய்தது என்பதால் அவள் வேலை பார்க்கும் நிலையம் போதும். ரத்து என்றால் என்ன என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் ஒரு பூட்டுக்கடைக்காரர் நகலானபோது நகலின் உள்ளங்கையில் சிவப்பு முத்திரை வைத்தார்கள். அவர் வழக்கம்போலக் கடையில் உட்கார்ந்து சாவி ராவிக்கொண்டிருந்தார், மத்தியானத்துக்குள் பின்னால் மாட்டியிருந்த பூட்டுகள் அவர் வழியே தெரிய ஆரம்பித்தன, கடை மூடும்போது நாற்காலியில் யாரும் இல்லை.

இரண்டு பேருக்கும் ஒரே நினைவுகள்தான். ஐந்து வயதில் அலமாரியில் முட்டிக்கொண்ட தழும்பு இருவருக்கும் இருந்தது, அப்போது அவள்தான் தள்ளிவிட்டாள் என்பதை அம்மாவிடம் சொல்லாமல் மறைத்தது இருவருக்கும் தெரிந்திருந்தது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளுக்கு இருந்த ஒரே உறவு அவன். இப்போது அந்த ஒரே உறவு இரண்டாக இருந்தது, அதில் ஒன்றை அவள் விரலால் சுட்ட வேண்டும். சாப்பாட்டு மேசையில் இருவரும் ஒரே சமயம் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள்.

"அக்கா, நான்தான் நகல்னு எழுதிக் குடுத்துடு," என்று இருவரும் சொன்னார்கள். சொன்ன பிறகு ஒருவரையொருவர் முறைத்தார்கள்.

"ரெண்டு பேரும் நகல்னா அசல் எங்கடா போச்சு? வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க," என்றாள் அவள். அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்டால் நிலையத்தின் பெயர் இரண்டாம் முறையும் கெடும், பொய்ச் சான்று என்று தெரிந்தால் பதிவகம் தம்பிமார் இருவரையுமே ரத்து செய்துவிடக்கூடும், அவள் எண்ணிக்கையை மட்டும் நம்பி அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது என்றார். தானே எண்ணலாம் என்றால் அவருக்குக் கை நடுக்கம். கண்ணாடித் துண்டை அழுத்திப் பல வருடமாகிவிட்டது. கடைசியில் ஒரு வழி சொன்னார். விதை வைக்கட்டும். பதினேழு உள்ள செடி ஏழு ஜென்மத்துக்கும் விதை வைக்காது. முற்றிய விதை ஒன்றைக் கண்ணால் காட்டினால், எல்லாவற்றுக்கும் ஜோடி கிடைத்துவிட்டது என்று அர்த்தம், அசல் நகல் பேச்சுக்கே அங்கே இடமில்லை என்று தன் கைப்பட எழுதித் தருவதாகச் சொன்னார்.

செடியில் எட்டு மொட்டுகள் இருந்தன. முதல் பூ ஒன்பதாம் நாள் விரிந்தது. பழைய பூக்களைவிட அகலமாக, இதழ் தடிப்பாக. அவள் அன்று காலை நிலையத்துக் கண்ணாடிக்குடிலிலிருந்து மலைச்செடியின் மகரந்தத்தைச் சின்னச் சீசாவில் கொண்டுவந்து, மெல்லிய தூரிகையால் சூல்முடியில் தொட்டுவைத்தாள். மூன்றாம் நாள் பூ காம்போடு உதிர்ந்தது. அடுத்ததற்குச் சதுப்புச்செடியின் மகரந்தம். அதுவும் உதிர்ந்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. கதவுக்காரன் விழுந்த பூக்களை ஒரு தட்டில் வரிசையாக வைத்தான். ஜன்னல்காரன் அவள் பார்க்கும் முன் அதை எடுத்து ஒளித்துவைத்தான். இருவரும் முதன்முதலாக வேறு வேறு காரியம் செய்தது அப்போதுதான் என்பதை யாரும் கவனிக்கவில்லை. பதினாறாம் நாள் மிச்சம் மூன்று மொட்டு இருந்தது. அவள் சீசாவைத் திறந்து தூரிகையைத் தோய்த்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த கதவுக்காரன் அது என்ன தூள் என்று கேட்டான். செடியின் அப்பா அம்மாவுடையது என்று சொன்னாள். இதன் மகரந்தம் வெறும் சக்கை, பதினோரு வருடமாக இப்படித்தான் பெற்றோரிடமிருந்து எடுத்து வைக்கிறோம் என்றும் சொன்னாள். அவன் கொஞ்சம் யோசித்தான்.

"இந்தக் கூண்டோட, அதான் செடியோட, எடை ரெண்டு மடங்காயிடுச்சுன்னு நீதானக்கா சொல்ற. அப்புறமும் கயித்தோட மறுமுனையில பழைய எதிரெடையையே கட்டினா லிஃப்ட் எப்படி நிக்கும்? இதோட எடையைத்தான் இதுக்குக் கட்டணும்."

அவள் தூரிகையைப் பிடித்த கையோடு அப்படியே நின்றாள். கலப்புச் செடிக்குப் பெற்றோரின் மகரந்தத்தைக் கொண்டுவருவது அவள் கைக்கு ஊறிப்போன பழக்கம். நிலையத்தில் வேறு யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். முப்பத்து நான்கை எண்ணியது அவள் கண், ஆனால் கை இன்னும் பதினேழிலேயே இருந்தது. இரட்டித்த செடி இனி மலைச்செடிக்கும் மகள் இல்லை, சதுப்புச்செடிக்கும் மகள் இல்லை. பெற்றோரோடு சேர்ந்தால் மறுபடியும் ஜோடியில்லாத கூட்டமாகிவிடும் என்று அதற்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் உதிர்த்தது. வாசலைத் தாண்டித் தனிக்குடித்தனம் போய்விட்ட ஒரு செடிக்கு அவள் பிறந்த வீட்டுச் சாப்பாட்டையே ஊட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் விரிந்திருந்த ஆறாவது பூவின் மகரந்தத்தைத் தட்டிக் கைலென்சில் பார்த்தாள். முன்பெல்லாம் சூம்பிப்போன உமி மாதிரி இருக்கும். இப்போது ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு இருந்தது.

"உன் வாய்க்குச் சர்க்கரைதான்டா போடணும்," என்றாள்.

"நானும் அதையேதான் நினைச்சேன், சொல்லல," என்றான் ஜன்னல்காரன். கதவுக்காரன் அவனை நம்பவில்லை.

ஆறாவது பூவின் தூளை அதற்கே வைத்தாள். அது உதிரவில்லை. ஏழாவதும் உதிரவில்லை. எட்டாவதைத் தொடாமலே விட்டாள், அது தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டது. இதழ்கள் காய்ந்து விழுந்த இடத்தில் மூன்று பச்சைக் காய்கள் மிளகளவிலிருந்து பட்டாணி அளவுக்கு வந்தன. அந்தப் பதின்மூன்று நாளும் தம்பிமார் இருவரும் ஜன்னலுக்குத் துணியடைத்து, முறைவைத்துக்கொண்டு காவல் இருந்தார்கள். கீழ்வீட்டுக்காரர்கள்கூடச் சத்தத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டுக் காய் எப்படி இருக்கிறது என்று படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார்கள். இருபத்தொன்பதாம் நாள் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நிலையத்துக்குப் போனாள். தலைவர் மூக்குக்கண்ணாடியை இரண்டு முறை துடைத்தார். ஊசியால் ஒரு காயின் ஓரத்தைக் கிழித்தார். உள்ளே எட்டு விதைகள், பழுப்பேறி, கெட்டியாக, நகத்தால் அழுத்தினாலும் குழியாமல் இருந்தன. பிறகு சான்றிதழை எழுத உட்கார்ந்தவர், கேட்கப்பட்டதைவிடக் கூடுதலாகவே எழுதினார். பூக்கும் செடிகளில் எப்போதோ ஒரு காலத்தில் இப்படி இரட்டிக்காத குலமே இல்லை என்றும், பதிவாளர் காலையில் சாப்பிட்டிருக்கக்கூடிய ரொட்டியின் கோதுமையும் போட்டிருக்கக்கூடிய சட்டையின் பருத்தியும் இதே வழியில் வந்தவை என்றும், அவற்றில் எந்தப் பாதி அசல் என்று கேட்பது அர்த்தமற்றது என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். ஒரு மாதம் கழித்து விதை ஒன்றை முளைக்கவைத்து, அறையைச் சாத்திக்கொண்டு, நடுங்கும் தன் கட்டைவிரலாலேயே அழுத்தி எண்ணிப் பார்த்தார். என்ன வந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு நிலையத்தில் யாராவது கட்டைவிரல் அக்கா என்றால் அவருக்குக் கோபம் வந்தது.

முப்பதாம் நாள் பதிவாளர் சான்றிதழை நின்றுகொண்டே படித்தார். ரொட்டி இருந்த வரியில் மட்டும் கொஞ்சம் நின்றார். பிறகு பதிவேட்டில் ஒரு பெயருக்குக் கீழே அதே பெயரை இன்னொரு முறை எழுதி, நீல முத்திரை வைத்தார்.

"நல்லவேளைம்மா. அந்தச் சிவப்பு முத்திரையைக் கையில எடுத்தா எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வராது," என்றார்.

அவள் பதிவகத்தின் படியிறங்கிப் பாதியில் உட்கார்ந்துகொண்டாள். மேலே ஏறுகிறவர்களும் கீழே இறங்குகிறவர்களும் அவளைச் சுற்றிப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்ததும் யாரும் கவலைப்படவில்லை. வீட்டுக்குப் போய், ஒரு மாதத்தில் முதல்முறையாக, மூன்று பேர் சாப்பாட்டில் தன் பங்கை முழுவதும் சாப்பிட்டாள்.

அதன் பிறகு வந்த வருடங்களில் வீடு மெல்ல மெல்லத் தன்னைச் சரிசெய்துகொண்டது. எல்லாம் இரண்டிரண்டாக இருந்த வீட்டில் எதுவும் நீண்ட நாள் அப்படி இருக்கவில்லை. ஒரு கெட்டில் ஒருநாள் கொதிப்பதை நிறுத்தியது, யாரும் அதைத் தேடவில்லை. இரண்டாவது குளியலறையின் குழாயில் தண்ணீர் வருவது குறைந்து, நின்று, அங்கே பெட்டிகள் அடுக்கப்பட்டன. பத்தாவது வருடம் அந்தப் பெட்டிகளை எடுக்கப் போனவர்கள் வெறும் சுவரைத்தான் பார்த்தார்கள். இரண்டு சமையலறைகளில் ஒன்றில் கொதிக்க வைக்கும் வேலையும் மற்றதில் வறுக்கும் வேலையும் நடந்தன. ஏன் என்று கேட்டால் மூன்று பேருக்கும் பதில் தெரியாது. தம்பிமார் முதலில் ஒரே வேலைக்கு நாள் விட்டு நாள் போனார்கள். பிறகு ஒருவன் மோட்டாரையும் மற்றவன் கதவுகளையும் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள், சில வருடங்களில் ஒருவன் இல்லாமல் மற்றவனால் எந்த லிஃப்டையும் முழுதாகச் சரிசெய்ய முடியாமல் போயிற்று. அதைக் கண்டு பயந்தோ அலுத்தோ ஜன்னல்காரன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு முடிவெட்டக் கற்றுக்கொண்டான். பேச்சுக்கு ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னான். கதவுக்காரன் கதவு வேலையோடு மோட்டாரையும் முதலிலிருந்து படித்துக்கொண்டு லிஃப்டிலேயே இருந்தான், பேசுவது குறைந்தது. கதவுக்காரன் மூக்குக்கண்ணாடி போட்டான். ஜன்னல்காரன் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு தெரு தள்ளிப் போனான், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். செடி மட்டும் எல்லோரையும் விட வேகமாக இருந்தது. மலைச்செடியும் பிழைக்காத, சதுப்புச்செடியும் பிழைக்காத ரயில்பாதைச் சரிவுகளில் அது தானாகப் பரவி, ஏழெட்டுத் தலைமுறைக்குள் களை என்ற பட்டியலில் சேர்ந்தது. வேலை பார்த்த கடைசி வருடத்தில் அவள் அதன் வேர்நுனியில் எண்ணிப் பார்த்தபோது, கம்பித் துண்டுகளில் இரண்டு மற்றவற்றைவிடக் கொஞ்சம் குட்டையாகியிருந்தன. தேவையில்லாததை உதிர்த்துக்கொண்டிருக்கிறது என்று குறித்துவைத்தாள்.

ஐம்பத்தாறு வயதில் கதவுக்காரனுக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்தான். அவளுக்குள் அந்தப் பழைய முப்பது நாள் எழுந்து வந்தது. ஒருவனுக்கு வந்தது மற்றவனுக்கும் வராமல் இருக்காது, இருவரும் சேர்ந்தே போய்விடுவார்கள் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். ஒருவனுக்குச் சளி பிடித்தால் அடுத்தவன் தும்மிய வருடங்களை அவள் மறக்கவில்லை. பக்கத்திலேயே இன்னொரு கட்டிலைப் போட்டு விரிப்பு விரித்துவிட்டு, ஜன்னல்காரனுக்கு ஆள் அனுப்பினாள். அவன் கடையைப் பூட்டிவிட்டு, கையில் சவரப் பெட்டியோடு, பசியோடு வந்தான். வாசலிலேயே நிறுத்தி நாக்கை நீட்டச் சொன்னாள். கீழிமையை இழுத்துப் பார்த்தாள். கண் வெள்ளையாக இருந்தது. மறுநாளும், அதற்கு அடுத்த நாளும் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது. அவன் இரண்டு தட்டு சாப்பிட்டான். "எனக்கு எதுக்குக்கா வரணும்? அவன்தான் கண்ட இடத்துத் தண்ணியைக் குடிச்சான்," என்றான். நான்காம் நாள் அவள் அந்த இரண்டாவது கட்டிலை மடக்கிச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

மூன்று வாரத்தில் கதவுக்காரன் எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறினான். முகம் முழுக்கத் தாடி மண்டியிருந்தது. ஜன்னல்காரன் துண்டைக் கழுத்தில் சுற்றி, நுரை தடவி, நாற்காலியில் சாய்த்துச் சவரம் செய்ய ஆரம்பித்தான். இடது கன்னம் முடிந்து தாடைக்கு வந்தபோது கத்தி ஒரு சின்ன மருவின் மேட்டில் தட்டுப்பட்டு நின்றது. அவன் விரலால் தடவிப் பார்த்தான். தன் தாடையிலும் அதே இடத்தைத் தடவினான்; அங்கே ஒன்றும் இல்லை.

"இது எப்படா வந்துச்சு?"

"ரொம்ப வருஷமாச்சு."

ஜன்னல்காரன் தலையாட்டிவிட்டு, தோலைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, அந்த மேட்டைச் சுற்றிக் கத்தியைப் பக்குவமாகக் கொண்டுபோனான்.